புதிதாகச் சேர்த்த அறையின் வெளிப்பூச்சு மழையில் ஊறுகிறது: ஐப்பசிக்குள் என்ன செய்யலாம்?

கெடிலக்கரை (கடலூர்), ஜூன் 8

வணக்கம். எங்கள் வீட்டின் பழைய பகுதி அறுபதுகளில் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட தளம்). 2022இல் வடகிழக்கு மூலையில் அம்மாவுக்காக ஒரு படுக்கையறையும் குளியலறையும் சேர்த்தோம். அது கான்கிரீட் தூண் நிறுத்தி, நாலரை அங்குல ஃப்ளை ஆஷ் கல்லில் (அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்) எழுப்பிய சுவர். வெளியே சிமெண்ட் பூச்சு, அதன்மேல் எமல்ஷன்.

முதல் மழைக்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருடம் உள்பக்கம் பெயிண்ட் அங்கங்கே உப்பியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது காற்றோடு அடித்த மழையில், கிழக்குச் சுவரின் உள்முகம் தொட்டால் கை நனையும் அளவுக்கு ஊறிவிட்டது. அம்மாவுக்கு இளைப்பு உண்டு. பூஞ்சை நாற்றம் வந்ததும் அவரைப் பழைய கூடத்துக்கே மாற்றிப் படுக்க வைத்தோம்.

இப்போது பார்த்தால்: பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக ஒரு வெடிப்பு. கிழக்குப் பக்கப் பூச்சில் தலைமுடி போன்ற வெடிப்புகள். ஜன்னலுக்குக் கீழே திட்டு. குளியலறைச் சுவரில் முழங்கால் உயரம்வரை உப்பு பூத்திருக்கிறது.

கட்டிக்கொடுத்தவர் "வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்தால் போதும்" என்கிறார். போதுமா? ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும்.

மாடிப்படி88 (விழுப்புரம்), ஜூன் 8

எலாஸ்டோமெரிக் பெயிண்ட் என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் போல இழுபடும், சின்ன வெடிப்பையெல்லாம் மூடிவிடும். எங்கள் வீட்டில் அடித்து மூன்று மழைக்காலம் ஆகிறது, பிரச்சினை இல்லை.

தளப்பொறியாளர் (சென்னை), ஜூன் 8

அந்தப் பெயிண்ட் நல்ல பொருள்தான். ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. சுவருக்குள் தண்ணீர் வேறு வழியாக வந்துகொண்டிருக்கும்போது வெளியே தடித்த ரப்பர்ப் படலத்தை ஒட்டினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் வெயிலில் ஆவியாகி, பெயிண்டையே கொப்புளமாகத் தள்ளும். அப்புறம் அதைச் சுரண்டி எடுப்பதே பெரிய பாடு.

கெடிலக்கரை, நீங்கள் சொன்னவை நான்கு தனித்தனி இடங்கள். நான்குக்கும் காரணம் ஒன்றாக இருக்காது. சில கேள்விகள்:

குளியலறைச் சுவரில் உள்ள ஈரம் மாசி, பங்குனியிலும் இருந்ததா? இருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை. குழாய் இணைப்பு, தரை ஓட்டு இடுக்கு, அல்லது தரையிலிருந்து ஏறுவது.

கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதி எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது? வெளிச்சுவரில் மேலிருந்து கறுப்பாகக் கோடு கோடாக வழிந்திருந்தால், மாடி அழுக்கோடு தண்ணீர் வெளிப்பக்கம் இறங்குகிறது என்று அர்த்தம்.

சன்ஷேடின் அடிப்பக்கம், வெளி ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் பள்ளக் கோடு இருக்கிறதா? தண்ணீர் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டிவிடுவதற்கானது அது.

வெளிப்பூச்சை ஒரு மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். கெட்டியாகக் கேட்டால் ஒட்டியிருக்கிறது. டொப் டொப் என்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. அந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி_மகன் (பண்ருட்டி), ஜூன் 9

பொறியாளர் சார் சொன்னதோடு இன்னொன்று. சாரம் கட்டிய ஓட்டைகளைப் பாருங்கள் அண்ணே. சவுக்குக் கட்டையைச் சுவரில் சொருகிச் சாரம் கட்டுவார்கள். வேலை முடிந்து இறங்கும்போது அந்த ஓட்டையில் உடைந்த கல்லையும் மிச்சக் கலவையையும் திணித்து மேலாகத் தேய்த்துவிடுவார்கள். பெயிண்ட் அடித்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. காற்றோடு மழை வரும்போது முதலில் குடிப்பது அந்த ஓட்டைதான். வரிசையாக ஒரே உயரத்தில் ஐந்தடிக்கு ஒன்று ஈரத்திட்டு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஃப்ளை ஆஷ் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெய்வேலி பக்கத்திலேயே இருப்பதால் நம் மாவட்டத்தில் எல்லோரும் அதில்தான் கட்டுகிறோம், கல்லில் குற்றமில்லை. நாட்டுச் செங்கல் மாதிரி சொரசொரப்பு கிடையாது, முகம் வழவழப்பாக இருக்கும். அதனால் கட்டும்போதே மூட்டுக் கலவையை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டிவிட வேண்டும். அந்தப் பள்ளத்தில்தான் பூச்சு பிடித்துக்கொள்ளும். அதைச் செய்யாமல் மூட்டை மட்டமாகத் தேய்த்துவிட்டால் பூச்சு இரண்டு வெயிலில் விட்டுவிடும். எங்கள் அப்பா இதற்காகவே சித்தாள்களிடம் சுரண்டு கம்பியைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வரிசை வைப்பார்.

நாஞ்சில்வாசி (தக்கலை), ஜூன் 9

எங்கள் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனியில் மேற்கிலிருந்து அடிக்கும், ஐப்பசியில் கிழக்கிலிருந்து அடிக்கும். பழைய வீடுகளில் ஓட்டுக்கூரை சுவரைத் தாண்டி இரண்டரை, மூன்று அடி வெளியே நீண்டிருக்கும். மண்சுவர்கூட அதனடியில் தலைமுறைகள் தாண்டி நிற்கிறது. இப்போது கட்டும் சதுரப் பெட்டி வீடுகளில் சுவர் மேலே கைப்பிடிச் சுவராகவே முடிகிறது. மழைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. பூச்சும் பெயிண்டும் எல்லா வேலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கிழக்குச் சுவருக்கு மேலே தகடு வைத்தாவது இரண்டடி இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) இறக்க முடியுமா என்று பாருங்கள். நாலரை அங்குலச் சுவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

தளப்பொறியாளர், ஜூன் 9

இதை வழிமொழிகிறேன். கடற்கரை ஊர்களில் வடக்கும் கிழக்கும் பார்த்த வெளிச்சுவரை நாலரை அங்குலத்தில் கட்டுவதே எனக்கு உடன்பாடில்லை. வடகிழக்குப் பருவமழை காற்றோடு வருவது அந்த முகத்தில்தான். கட்டியாயிற்று, இனி இடிக்க முடியாது. அதனால் சுவரில் விழும் தண்ணீரையே குறைப்பதுதான் முதல் வேலை.

கெடிலக்கரை, ஜூன் 15

எல்லோருக்கும் நன்றி. தட்டிப் பார்த்தேன். கிழக்குச் சுவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டொப் டொப் என்றுதான் கேட்கிறது. வடக்குச் சுவர் கெட்டியாக இருக்கிறது. கைப்பிடிச் சுவரின் தலை வெளிப்பக்கம் சரிந்திருக்கிறது, கறுப்புக் கோடுகளும் இருக்கின்றன. சன்ஷேடின் அடியில் பள்ளக் கோடு இல்லை, மட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள். சாரத்து ஓட்டை மேஸ்திரி_மகன் சொன்னபடியே ஒரே வரிசையில் நான்கு. ஒன்றை உளியால் தட்டியதும் கலவை மண்ணாகக் கொட்டியது.

குளியலறைச் சுவரில் ஈரம் கோடையிலும் இருந்தது.

பழைய-புதிய சுவர் சந்திப்பில் வெடிப்பு மேலே அகலம், கீழே குறுகல். மேல்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைகிறது.

தளப்பொறியாளர், ஜூன் 15

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். குளியலறையைத் தனியாக வைத்துவிடுங்கள், அது பிளம்பர் பார்க்க வேண்டியது. வெளியே எவ்வளவு செலவு செய்தாலும் அது மாறாது.

இப்போது குழாய்ச் சோதனை செய்யுங்கள். தோட்டத்து ஹோஸை எடுத்து, சுவரின் அடியிலிருந்து தொடங்குங்கள். ஒரு மட்டத்தில் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டடி மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிந்து இறங்கும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எந்த ஓட்டை குற்றவாளி என்று தெரியாது. கீழிருந்து மேலே போவது அதனால்தான். ஜன்னலின் அடி, பக்கங்கள், மேல்பக்கம் என்று தனித்தனியாகவும், சந்திப்பு வெடிப்பில் தனியாகவும் செய்யுங்கள்.

அந்த வெடிப்பைப் பற்றி: மேலே அகலம், கீழே குறுகல் என்றால் புது அறை வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்து அமர்ந்திருக்கிறது. பழைய அஸ்திவாரம் அறுபது வருடமாக அமர்ந்து நின்றுவிட்டது. புதியது இன்னும் அமர்ந்துகொண்டிருக்கும். இன்னும் நகர்கிறதா என்று தெரிய, வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டித் தேதியைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நகர்ந்தால் கண்ணாடி உடையும். அகலம் கூடிக்கொண்டே போனால் கட்டமைப்புப் பொறியாளரை நேரில் கூட்டிவந்து அஸ்திவாரத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும், அதை இங்கே எழுதித் தீர்க்க முடியாது.

செங்கல்_சூளை (திருவண்ணாமலை), ஜூன் 16

வெடிப்பை V மாதிரி வெட்டி, வலை அடித்து, பாலிமர் கலவை போட்டுப் பூசினால் முடிந்தது. இதற்குப் போய் இவ்வளவு யோசிக்க வேண்டுமா? நாங்கள் எல்லாத் தளத்திலும் இதைத்தான் செய்கிறோம்.

தளப்பொறியாளர், ஜூன் 16

தூணும் கல்சுவரும் சேரும் இடத்தில் நீங்கள் சொல்வது சரியான முறை. அங்கே இரண்டும் ஒரே அஸ்திவாரத்தில் நிற்கின்றன. வெயிலுக்கு விரிந்து சுருங்குவதில் மட்டும்தான் வித்தியாசம். வலையை இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் ஏறும்படி வைத்துப் பூசினால் தாங்கும். கடலூரில் கோழிவலை வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பூச்சையே தள்ளிவிடும். காரத்தைத் தாங்கும் கண்ணாடி இழை வலை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

இங்கே கதை வேறு. இரண்டு கட்டடங்கள் இரண்டு அஸ்திவாரத்தில் தனித்தனியாக அசைகின்றன. நீங்கள் வலை வைத்து இறுக்கிப் பூசினால் அடுத்த வருடம் அதே இடத்திலோ அரையடி தள்ளியோ மறுபடி வெடிக்கும். அசையும் இடத்தை அசைய விட்டுத்தான் தண்ணீரைத் தடுக்க வேண்டும்.

முறை இது. வெடிப்பின் இரண்டு பக்கமும் மெஷினால் நேராக வெட்டி, அரை அங்குல அகலத்துக்கு ஒரே சீரான இடைவெளி ஆக்குங்கள். தூசி போக ஊதி, நன்றாகக் காயவிட்டு, உள்ளே பாலித்தீன் நுரைக் கயிற்றை அழுத்துங்கள். கடையில் பேக்கர் ராட் என்று கேட்டால் கொடுப்பார்கள். இடைவெளியைவிடச் சற்றுப் பருமனாக இருந்தால்தான் இறுகி நிற்கும். அதன்மேல் பாலியூரித்தேன் சீலண்ட். ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும். சீலண்ட் இரண்டு பக்கச் சுவரை மட்டும் பிடிக்க வேண்டும், பின்னால் ஒட்டக் கூடாது. பின்னாலும் ஒட்டினால் இழுபட முடியாமல் கிழியும். நுரைக் கயிறு வைப்பது அதற்காகத்தான். சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் நிற்காது.

அப்புறம் வெளியே நான்கு அங்குல அலுமினியப் பட்டை ஒன்றை மேலிருந்து கீழ்வரை மூடுங்கள். திருகு ஒரு பக்கச் சுவரில் மட்டும். இரண்டு பக்கமும் திருகினால் மறுபடியும் கட்டிப்போட்டதாகிவிடும்.

மொட்டை மாடியிலும் இதே கோடு வரும். புதுத் தளம் பழைய சுவரை முட்டும் இடத்தில், தளத்திலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேலே பழைய சுவரில் காடி வெட்டி, தகட்டின் மேல்விளிம்பை அதற்குள் மடித்துச் செருகி, கீழ்ப்பக்கம் புதுத் தளத்தின்மேல் படியும்படி விட வேண்டும். தண்ணீர் மேலிருந்து இறங்கும்போது தகட்டின் மேலாகவே போகும். உள்ளே வந்த தண்ணீரில் பாதி இந்த மூலை வழியாகத்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். குழாய்ச் சோதனையில் தெரிந்துவிடும்.

பல்லாவரம்_மாடி (சென்னை), ஜூன் 17

நடுவே கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்களும் பின்பக்கம் ஒரு அறை சேர்த்தோம். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே ஐந்து அங்குலச் சந்து. அந்தப் பக்கம் பூசவே இல்லை, ஆள் நுழைய இடமில்லை என்றார்கள். மழை பெய்தால் சந்துக்குள் விழும் தண்ணீர் கல் மூட்டு வழியாக உள்ளே ஓதம் காக்கிறது. என்ன செய்யலாம்?

மேஸ்திரி_மகன், ஜூன் 17

அக்கா, சந்தின் வாயை மூடுவதுதான் வழி. உங்கள் கைப்பிடிச் சுவரில் தகட்டைப் பதித்துப் பக்கத்து வீட்டுச் சுவர் மேலே சரிவாகப் படிய விட வேண்டும். அவர்கள் சம்மதம் இல்லாமல் அவர்கள் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. போய்ப் பேசுங்கள். அந்தச் சந்துத் தண்ணீர் அவர்கள் சுவரையும்தான் ஊறவைக்கும், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தகடு போடும்முன் சந்துக்குள் கிடக்கும் கலவைக் கட்டி, இலை, பிளாஸ்டிக்கைக் கம்பியால் இழுத்து எடுத்துவிடுங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும்.

தளப்பொறியாளர், ஜூன் 17

சரியான பதில். உள்பக்கப் பூச்சை எடுத்துவிட்டுச் செங்கல்லின்மேல் சிமெண்ட் கலந்த வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிப்பது உண்டு. அது தண்ணீரைச் சுவருக்குள்ளேயே நிறுத்தும், சுவர் நனைவதைத் தடுக்காது. தகட்டுக்குப் பிறகும் ஈரம் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

இனிமேல் கட்டப்போகிறவர்கள் இதைப் படித்தால்: 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் பக்கத்து இடைவெளி கேட்பதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். ஒரு ஆள் நின்று கரணை பிடிக்க இடம் வேண்டும் என்பது எனக்குப் போதுமான காரணம்.

கெடிலக்கரை, ஜூன் 22

சோதனை செய்தோம். உள்ளே தம்பி நின்று பார்த்தான். சுவரின் அடிப்பகுதியில் ஒன்றும் இல்லை. சாரத்து ஓட்டை மட்டத்துக்கு வந்ததும் இரண்டு திட்டு நனைந்தது. சந்திப்பு வெடிப்பில் தண்ணீர் விட்ட சில நிமிடத்திலேயே உள்மூலையில் வழிந்தது. கைப்பிடிச் சுவரின் தலையில் விட்டபோது, வெளிப்பூச்சுக்குப் பின்னாலிருந்து ஜன்னல் சன்ஷேட் மேலே தண்ணீர் எட்டிப் பார்த்தது! பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. குளியலறையில் குழாய் வளைவு ஒன்று கசிந்தது, மாற்றியாயிற்று.

கிழக்குச் சுவர்ப் பூச்சு முழுவதையும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். எந்தக் கலவை, எந்த மணல்? பழைய வீட்டுச் சுவரையும் சேர்த்தே பூசிவிடலாமா?

தளப்பொறியாளர், ஜூன் 23

டொப் என்று கேட்ட இடங்களையும் அதைச் சுற்றி அரையடியையும் எடுத்தாலே போதும் என்பார்கள். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதால் முழுவதும் எடுப்பதே நல்லது. ஒட்டுப்போட்ட ஒவ்வொரு விளிம்பும் பிறகு வெடிப்பாக மாறும்.

எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கான்கிரீட்டுக்கு. பூச்சுக்கு பி-சாண்ட் என்று அதிலேயே நைசானதைத் தனியாகக் கேளுங்கள், சலித்துத் தூசி கழுவியதாக இருக்க வேண்டும். பூச்சு மணலுக்கு ஐஎஸ் 1542 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. கலவை 1:5, அதாவது சிமெண்ட் ஒன்று, மணல் ஐந்து. கூட சிமெண்ட் போட்டால் பலம் என்று 1:3 போடச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். சிமெண்ட் கூடக்கூடப் பூச்சு அதிகமாகச் சுருங்கும், தலைமுடி வெடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. வாட்டர்ப்ரூஃப் திரவம் கலப்பதானால் டப்பாவில் ஐஎஸ் 2645 இருக்கிறதா பாருங்கள், 50 கிலோ மூட்டைக்கு அதில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு மூடிகூட ஊற்ற வேண்டாம்.

இரண்டு கோட்டு. முதல் கோட்டு அரை அங்குலம். ஈரம் இருக்கும்போதே கம்பியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, காய்ந்து சுருங்க விடுங்கள். இரண்டாவது அதைவிட மெல்லியது, கலவையில் அதைவிடக் கடினமாக இருக்கக் கூடாது. ஒரே கோட்டில் முக்கால் அங்குலம் அப்பினால் தன் எடையிலேயே தொங்கி உள்ளே விட்டுவிடும். கடைசியில் வழவழப்புக்காக உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்க்க ஆசைப்படுவார்கள். பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள். மேலே சிமெண்ட் தோல் மட்டும் தனியாகச் சுருங்கி வலை வலையாக வெடிக்கும்.

மேஸ்திரி_மகன், ஜூன் 23

வெயிலையும் கணக்கில் வையுங்கள். கிழக்குச் சுவரைக் காலையில் பூசாதீர்கள், பூசிய கையோடு வெயில் உறிஞ்சிவிடும். மதியத்துக்கு மேல் நிழல் விழுந்ததும் தொடங்கினால் ராத்திரி முழுவதும் ஈரம் நிற்கும். மறுநாள் முதல் பத்து நாள் தண்ணீர் விட வேண்டும், சாக்கு தொங்கவிட்டு நனைத்தால் இன்னும் நல்லது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம். லாரித் தண்ணீர் வாங்குங்கள். உப்பு ஒரு தடவை பூச்சுக்குள் போய்விட்டால் ஒவ்வொரு மழைக்கும் வெளியே பூத்துக்கொண்டே இருக்கும்.

நாஞ்சில்வாசி, ஜூன் 24

பழைய சுவரைத் தொடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சுண்ணாம்புக் காரைச் சுவர் நனையும், பிறகு காற்றில் தானே காயும். அதன்மேல் கெட்டி சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல் கூடத்துக்குள் இறங்கும். சாவியால் கீறினால் பொடியாக உதிரும் மெதுவான சுவர்மேல் கல் மாதிரி ஒரு தோல் நிற்கவும் நிற்காது, பலகை பலகையாகப் பெயர்ந்து வரும், வரும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

தளப்பொறியாளர், ஜூன் 24

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பழைய பகுதியில் பூச்சு உதிர்ந்த இடம் இருந்தால் சுண்ணாம்பிலேயே சரிசெய்யுங்கள்.

செங்கல்_சூளை, ஜூன் 24

கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆளை இன்றைக்கு எங்கே போய்த் தேடுவது? கிடைக்காத ஆளை நம்பிச் சுவரைத் திறந்து போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்க முடியாது. நடைமுறையைச் சொல்லுங்கள்.

நாஞ்சில்வாசி, ஜூன் 24

நியாயமான கேள்வி. கைதேர்ந்த சுண்ணாம்பு ஆள் கிடைக்காவிட்டால் 1:1:6 போடலாம்: சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. சாதாரணக் கொத்தனாரே பூசுவார். பழைய சுவர் ரொம்ப மெதுவாக இருந்தால் 1:2:9. அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காமல் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள்.

செங்கல்_சூளை, ஜூன் 25

1:1:6 சரி. அதை ஏற்றுக்கொள்கிறேன்.

கெடிலக்கரை, செப்டம்பர் 21

வேலை முடிந்தது. கண்ணாடித் துண்டு இரண்டுமே உடையவில்லை. நேரில் வந்து பார்த்த பொறியாளரும் அமர்வு நின்றுவிட்டதாகச் சொன்னார். இருந்தாலும் சந்திப்பில் சீலண்டும் பட்டையும்தான் போட்டோம். கைப்பிடிச் சுவரின் தலையை உடைத்து மாடிப் பக்கம் சரிவாகப் போட்டாயிற்று, மேலே கடப்பாக்கல் பலகை இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் நீட்டி வைத்து, அடியில் பள்ளக் கோடு வெட்டச் சொன்னேன். சன்ஷேட்களிலும் வெட்டியாயிற்று. கிழக்குப் பக்கம் ஜன்னல் சன்ஷேட் மட்டத்துக்கு மேலே இரண்டடித் தகடு ஓடுகிறது. சாரத்தைச் சுவரில் சொருகாமல் இரட்டைக் காலாக நிறுத்தித்தான் கட்ட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிட்டேன். மேஸ்திரிக்கு அது புது விஷயமாக இருந்தது, ஆனால் செய்துகொடுத்தார்.

பூச்சு காய ஒரு மாதம் விட்டு, இப்போது ப்ரைமர் அடித்துக்கொண்டிருக்கிறோம். பட்டி வேண்டுமா என்று பெயிண்டர் கேட்கிறார்.

தளப்பொறியாளர், செப்டம்பர் 21

வெளிச்சுவருக்குப் பட்டி வேண்டாம். மழை முகத்தில் அது மாவாகி, மேலிருக்கும் பெயிண்டோடு உரிந்து வரும். ப்ரைமர், அதன்மேல் நல்ல வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டு. மாடிப்படி88 சொன்ன எலாஸ்டோமெரிக் இப்போது தாராளமாக அடிக்கலாம், சுவர் காய்ந்திருக்கிறது, தண்ணீர் வரும் வழிகளும் அடைந்துவிட்டன. டெக்ஸ்சர் அடித்தால் அதன் மேடு பள்ளத்தில் அழுக்கு தங்கிப் பாசி பிடிக்கும், கிழக்கு முகத்துக்கு வேண்டாம்.

ஏசி குழாய் போகும் ஓட்டை, கிரில் திருகு, விளக்குப் பெட்டி இவற்றின் விளிம்பையும் பெயிண்டுக்கு முன் சீலண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். ஏசி ஓட்டை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும்.

கெடிலக்கரை, நவம்பர் 16

இரண்டு நாள் விடாத மழை, நல்ல வாடைக் காற்று. கிழக்குச் சுவரின் உள்முகம் காய்ந்திருக்கிறது, மூலையும் காய்ந்திருக்கிறது. அம்மா அந்த அறைக்குத் திரும்பிவிட்டார்.

ஜன்னலுக்குக் கீழே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிகிறது. முன்னால் இருந்ததைவிடக் குறைவு. யூபிவிசி ஜன்னல்தான், சுற்றிலும் சீலண்ட் இருக்கிறது.

மேஸ்திரி_மகன், நவம்பர் 16

ஜன்னல் அடிக்கட்டை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது அண்ணே? ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

கெடிலக்கரை, நவம்பர் 16

ஊற்றினேன். வெளியே ஓடாமல் ஃப்ரேமை ஒட்டியே தேங்கி நிற்கிறது.

தளப்பொறியாளர், நவம்பர் 17

அதுதான். யூபிவிசி ஃப்ரேமின் அடியில் வெளிப்பக்கம் சின்ன வடிகால் துளைகள் இருக்கும், அவற்றைச் சீலண்ட் வைத்து அடைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அடைத்திருந்தால் ஆணியால் திறந்துவிடுங்கள், இன்றைக்கே செய்யலாம். கட்டைக்கு, மழை விட்டதும் மேல்பூச்சை எடுத்துவிட்டு வெளிப்பக்கம் சரிவாகக் கலவை போட்டு அதன்மேல் ஒரே துண்டாகக் கிரானைட் பலகை. சுவரைத் தாண்டி ஒன்றரை அங்குலம் நீட்ட வேண்டும், அடியில் பள்ளக் கோடு வேண்டும், இரண்டு முனையும் ஜன்னல் பக்கச் சுவருக்குள் ஒரு அங்குலம் போக வேண்டும். முனை சுவரோடு மட்டமாக நின்றுவிட்டால் தண்ணீர் அந்த இரண்டு மூலையிலும் இறங்கும். தை மாதம் செய்யுங்கள், அதுவரை கட்டையின்மேல் சரிவாக ஒரு தகட்டை வைத்து ஒட்டிவிட்டால் இந்த மழையைத் தாண்டிவிடலாம்.

கெடிலக்கரை, நவம்பர் 17

துளைகள் மூன்றும் அடைந்திருந்தன. திறந்துவிட்டேன். தகட்டுக்கு அளவெடுத்துக் கொடுத்தாயிற்று.